படம் கழுவிய கை

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு வர்ணப் படம் இருக்கிறது. ஹட்டனுக்கு அருகேயுள்ள தோட்டம் ஒன்றில், எங்கள் லயத்து இஸ்தோப்பில், 1983-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் எடுத்த படம் அது. நடுவில் என் அத்தை அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் மாமா நிற்கிறார். வேட்டியின் மேல் கடன் வாங்கிய கோட்டு. பின்னால் இரண்டு பையன்கள். அத்தையின் மடியில் நான்கு வயதுக் கடைக்குட்டிப் பெண். எல்லா முகங்களும் தெளிவாய் இருக்கின்றன. மடியில் இருக்கும் குழந்தையின் முகம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெளிறிய பிறை வடிவக் கறை ஒன்று விழுந்திருக்கிறது. கறைக்குக் கீழே குழந்தையின் கழுத்தும் நீலச் சட்டையும் தெரிகின்றன.

இந்தக் கறை எப்படி வந்தது என்பதை நான் அறிந்துகொள்ள நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அதுவரை ஒரு மனிதனை நான் அநியாயமாகக் குற்றவாளியாக வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

படம் எதற்காக எடுக்கப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று எங்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. என் தந்தை இங்கே இருப்பதற்கு மனுப் போட்டார். அவருடைய சொந்தத் தங்கையின் குடும்பம் இந்தியாவுக்கு மனுப் போட்டது. ஒரே லயத்தில், ஒரே சுவரின் இரு புறமும் வாழ்ந்தவர்கள் இவ்வாறு இரண்டு தேசத்தவர் ஆயினர்.

மனுப் போட்டும் போகாமல் பல ஆண்டுகளை அத்தை கடத்திவிட்டார். 1983 ஆடிக் கலவரத்தின் தீ மலைநாட்டு நகரங்களையும் தொட்ட பிறகு மாமா முடிவு செய்துவிட்டார். ஹட்டனிலிருந்து கோச்சியில் புறப்பட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குச் செல்ல வேண்டும். அந்தக் கோச்சிக்கு எங்கள் பக்கத்தில் அழுகைக் கோச்சி என்று பெயர். நிற்பவரும் அழுவர், செல்பவரும் அழுவர். மறு ஆண்டு, 1984-ல், அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னர், என் தந்தையின் சிநேகிதர் ஒருவர் தம் காமிராவைக் கொண்டுவந்து இந்தப் படத்தை எடுத்தார். எங்கள் லயத்தில் எடுத்த முதல் வர்ணப் படம் அதுதான். பிலிம் சுருளைத் தந்தையும் நானும் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்தோம். அந்த நாட்களில் ஸ்டூடியோ வாசலில் கூட்டம் நெரிந்தது. பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டியவர்கள், பிரிவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு படம் வேண்டும் என்று வந்தவர்கள், முன்பு கொடுத்ததை வாங்க வந்தவர்கள் எனப் பலர். எல்லோருக்கும் கப்பல் தேதி இருந்தது. எல்லோருக்கும் படம் அவசரமாக வேண்டியிருந்தது.

எங்கள் படம் கைக்கு வந்தபோது கோச்சிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மறுபடி எடுப்பதற்குக் காமிராக்காரர் ஊரில் இல்லை. தந்தைக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. மூன்று பேர் முன்னிலையில் படத்தை மேசைமேல் அடித்து, "குழந்தையின் முகத்தை நகத்தால் கீறி வைத்திருக்கிறானே, எவன் அவன்?" என்று கேட்டார். முதலாளி உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கண் கூசியபடி ஒரு பையன் வந்தான். என் வயதுதான் இருக்கும். பதினாறு அல்லது பதினேழு. அவனும் ஏதோ ஒரு தோட்டத்துப் பையன் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"நகமே இல்லீங்க ஐயா" என்று அவன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான்.

நான் பார்த்தேன். நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. விரல்கள் பழுப்பேறி, இடுக்குகளில் தோல் சிவந்து வெடித்திருந்தது. கண்ணுக்கு முன் சாட்சி இருந்தது. ஆனால் ஒருவரும் அதை ஏற்கவில்லை. முதலாளி, "இவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் பணம் தர வேண்டாம்" என்றார். தந்தை சமாதானம் ஆனார். எனக்கும் நியாயம் கிடைத்துவிட்டது போன்ற திருப்தி உண்டாயிற்று. அடுத்த முறை நான் அந்தப் பக்கம் சென்றபோது திரைக்குப் பின்னாலிருந்து வேறொரு பையன் வந்தான்.

அதன் பிறகு நான் படித்து ஆசிரியன் ஆனேன். ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாளில் கறுப்பு வெள்ளைப் படம் கழுவக் கற்றுக்கொண்டேன். அந்தப் பழைய காமிராவும் பின்னாளில் எனக்கே வந்து சேர்ந்தது. டிஜிட்டல் காமிராவும் கைத்தொலைபேசியும் வந்தபின் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்கள் பிலிம் கழுவுவதை ஒவ்வொன்றாய்க் கைவிட்டன. இதெல்லாம் இப்போது எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இது சிக்கனமான வழி என்று நான் வாதாட மாட்டேன். பிலிமும் விலை, கரைசல்களும் விலை. ஆனால் எங்கள் குடும்பத்துக் கைத்தொலைபேசிகள் நான்கு பழுதாகி, அவற்றோடு நூற்றுக்கணக்கான படங்கள் மறைந்துபோயின. 1983-ஆம் ஆண்டு நெகடிவ் துண்டு மட்டும் தகரப் பெட்டியில் இருக்கிறது. சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அத்தை தெரிகிறார்.

ஆகவே வர்ணப் படத்தையும் வீட்டிலேயே கழுவப் பழகினேன். கொழும்பில் வேலை செய்யும் என் மருமகன் தேவையானவற்றை வாங்கி அனுப்புகிறான்.

வர்ண நெகடிவ் பிலிமில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளுக்கும் தனித்தனியே உணர்வுள்ள படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் இருக்கின்றன. டெவலப்பர் என்னும் முதற் கரைசல், ஒளி பட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றுகிறது. அந்த வேலையில் டெவலப்பரும் மாற்றமடைந்து, படலங்களில் முன்பே வைக்கப்பட்டிருக்கும் பொருள்களோடு கூடிச் சாயமாகிறது. அடுத்து வரும் பிளீச், பிக்ஸர் இரண்டும் வெள்ளியை முற்றாக நீக்கிவிடுகின்றன. சாயம் மட்டும் நிற்கிறது. வீட்டுக்கு வரும் பொட்டலங்களில் பெரும்பாலும் இவ்விரண்டும் ஒரே கரைசலாய்ச் சேர்ந்திருக்கும். கடைசியில் ஸ்டெபிலைசர் என்னும் கழுவு நீர். கோடக் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த ஸி-41 என்னும் இந்த முறைதான் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. டெவலப்பர் 37.8 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். நேரம் 3 நிமிடம் 15 விநாடி. சூடு அரை டிகிரி தவறினாலும் நிறம் பிசகத் தொடங்கும்.

கூதலில் நடுங்கும் ஹட்டன் பக்கத்து இரவில் மனித உடம்பின் சூட்டுக்குச் சமமாக ஒரு போத்தலைக் காப்பது சுலபமன்று. பெரிய வாளியில் 40 டிகிரிக்கு வெந்நீர் வைத்து, அதில் போத்தல்களையும் கழுவும் தொட்டியையும் கழுத்தளவு நிறுத்தி, ஆறும்போதெல்லாம் கேத்தல் நீரை ஊற்றி நான் சமாளிக்கிறேன். ஊற்றுவதற்கு முன் பிலிம் ஏறிய தொட்டியும் சூடேறியிருக்க வேண்டும். இல்லையேல் நம் கணக்கெல்லாம் ஊற்றிய மறுகணமே பொய்த்துவிடும்.

இருட்டுக்கு மட்டும் எங்களுக்குப் பஞ்சமில்லை. கறுப்பு வெள்ளைத் தாளைக் கழுவும் அறையில் சிவப்பு விளக்கு எரியலாம். வர்ண பிலிமோ எல்லா ஒளியையும் உணர்வது. அதைப் பிளாஸ்டிக் ரீலில் சுற்றித் தொட்டிக்குள் வைத்து மூடும் வரையில் முழு இருட்டு வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒரு கதவு, பெயருக்கு ஒரு சன்னல் என்று வெள்ளைக்காரத் துரைமார் கட்டிவைத்த லயத்தில் கதவைச் சாத்திவிட்டால் இருட்டறை தயார். நான் இப்போது லயத்தில் வசிக்கவில்லை. ஆயினும் பிலிம் சுற்றுவதற்கு என் தாயார் இருக்கும் அந்தப் பழைய காம்பராவுக்குத்தான் செல்கிறேன்.

இந்த வேலையில் கறை வரக்கூடிய வழிகள் பல. ஒவ்வொன்றையும் நான் தவறு செய்தே கற்றேன். கரைசலை ஊற்றியவுடன் தொட்டியை மேசையில் இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும். தட்டாவிட்டால் காற்றுக் குமிழ்கள் பிலிமில் ஒட்டி வட்டப் புள்ளிகளாய் நிற்கும். முதல் அரை நிமிடம் இடைவிடாமலும், பிறகு ஒவ்வோர் அரை நிமிடத்திலும் நான்கு முறையும் தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். வெறியோடு குலுக்கினால் ஓரத் துளைகளின் வழியே கரைசல் பாய்ந்து கோடு போடும். குலுக்காமல் விட்டால் தேங்கிய இடமெல்லாம் திட்டுத் திட்டாகும். உலரும் பிலிமை விரலால் வழித்தால் கீறல் விழும்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரில் கழுவினால், நீர்த்துளி உலர்ந்த இடமெல்லாம் வெள்ளை வட்டம் நிற்கும். எங்கள் மலை நீர் மென்மையானது. அதில் சுண்ணாம்பு அதிகம் இல்லை. ஆனால் மழை பெய்தால் பீலியில் செம்மண் வரும். ஆகவே கடைசிக் கழுவலுக்கு மட்டும் பற்றரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்கி வைக்கிறேன். அதில் ஸ்டெபிலைசரைக் கலந்து பிலிமை அமிழ்த்தி எடுத்தபின் மறுபடி நீரில் அலசக் கூடாது. அப்படியே தொங்கவிட வேண்டும்; விறகடுப்பு எரியும் காம்பராவில் அன்று, சாம்பல் பறக்காத இடத்தில்.

கறைகளில் இரண்டு ஜாதி உண்டு. உலர்ந்த நீரின் தடமும், வெள்ளி சரியாக நீங்காமல் விட்ட மங்கலும் மறுபடி கழுவினால் பெரும்பாலும் போய்விடும். கீறலும் மடிப்பும் போகா. அவை எவ்வளவு கழுவினாலும் நெகடிவ் உள்ளவரை நிற்பவை.

எங்கள் மலையில் கறை பற்றிய பேச்சு புதியதன்று. புகைப்படக் கலையின் சரித்திரத்தில் பெரிய பெயர் பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார், ஹட்டனை அடுத்த டிக்கோயாவில் உள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் 1879 சனவரியில் காலமானார். பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயத்து மண்ணில் அவரும் அவர் கணவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன் வேறு யாருமல்லர்; இராசகாரிய முறையை ஒழிக்கவும் இலங்கையின் ஆட்சியைத் திருத்தவும் யோசனை கூறிய கோல்புறூக்-கேமரன் ஆணைக்குழுவில் ஒருவர். அவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன.

அம்மையாரின் காலத்தில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, அது ஈரமாய் இருக்கும்போதே படமெடுத்து, ஈரமாய் இருக்கும்போதே கழுவ வேண்டும். அவர் தகடுகளில் விரற் பதிவும் வழிசலும் கோடும் மிகுதி. அக்காலப் புகைப்படச் சங்கத்தார் அதைக் குறை கூறினர்; பிற்காலத்தவர் அதையே அழகென்று போற்றுகின்றனர். நானும் அவருடைய கலையைக் குறைத்துப் பேச வரவில்லை. வசதி படைத்தவரின் தகட்டில் விழுந்த கறை, காலம் போகப் போகக் கலையாகிறது. கூலிக்குக் கழுவும் பையனின் பிலிமில் விழுந்த கறை அன்றைக்கே குற்றமாகிறது. இந்த வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன். 1875-ல் இலங்கைக்கு வந்தபின் அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. அவற்றில் உழைக்கும் மக்களின் முகங்கள் பல; பெயரோடு நமக்குக் கிடைத்தவர் மிகச் சிலர். எடுத்தவரின் கல்லறையை நாம் சென்று காணலாம். எடுக்கப்பட்டவர்கள் எந்தத் தேயிலைச் செடியின் கீழ் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

2023-ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டு என்று பல ஊர்களில் நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியில் நடைபயணமும் நடந்தது. அந்த ஆவணி மாதத்தில் அத்தை மகள் கூடலூரிலிருந்து வந்தாள். படத்தில் முகமில்லாமல் மடியில் இருக்கும் குழந்தை அவள்தான். இப்போது நாற்பத்து நான்கு வயது. தாயகம் திரும்பியவர்களுக்கென நீலகிரியில் அமைந்த அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அத்தையும் மாமாவும் கொழுந்தெடுத்து, கவ்வாத்து வெட்டி, அங்கேயே மறைந்தனர். இங்கே 'இந்தியாக்காரர்' என்று அழைக்கப்பட்டவர்களை அங்கே 'சிலோன்காரர்' என்று அழைத்தார்களாம்.

அவள் தன் கைப்பையிலிருந்து அதே படத்தை எடுத்தாள்.

"அத்தான், நான் சின்னப் பிள்ளையில எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரியாது. இதைத் தவிர வேற படமும் இல்ல. உங்ககிட்ட நெகடிவ் இருக்குன்னு அம்மா சொல்லும். அதில இருந்து எடுக்க முடியாதா?"

நெகடிவைக் காட்டினேன். சன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "சரி, இப்ப இருக்கிற முகத்தையாவது அதே காமிராவில, அதே இடத்தில எடுங்க" என்றாள்.

எடுத்தேன். இஸ்தோப்பில் அத்தை அமர்ந்த இடத்தில் அவளை அமர்த்தி ஒரு சுருள். அவள் புறப்படுவதற்கு முந்திய நாள், லயத்தார் எல்லோரையும் என் தாயாரையும் சேர்த்து இன்னொரு சுருள். மறுநாள் விடிந்ததும் அவள் கொழும்புக்குப் புறப்பட வேண்டும். நெகடிவையும் கையோடு கொண்டுபோக ஆசைப்பட்டாள். அன்றிரவு மழை கொட்டிற்று. முதற் சுருளைக் கழுவித் தொங்கவிட்டேன். அப்பழுக்கில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

என்னிடம் ரீல் ஒன்றுதான். அதைக் கழுவித் துணியால் துடைத்தேன். அடுப்பருகே சற்று நேரம் காட்டினேன். போதும் என்று எண்ணி, விளக்கை அணைத்து இரண்டாம் சுருளை ஏற்றத் தொடங்கினேன். பாதி தூரம் போனபின் பிலிம் நகர மறுத்தது. காய்ந்த ரீலில் வழுக்கிக்கொண்டு போகும் பிலிம், துளி ஈரம் இருந்தாலும் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். இழுத்துவிட்டு, ரீலை நன்றாகக் காயவைத்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, கரைசல்கள் ஆறிக்கொண்டிருந்தன, விடிந்தால் அவள் போய்விடுவாள். நான் தள்ளினேன். இருட்டில் என் கட்டைவிரலின் கீழ் பிலிம் மெல்ல மடிந்து நிமிர்ந்தது. வெகு சிறிய அசைவு. அதை நான் பொருட்படுத்தவில்லை.

கழுவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது மூன்று கட்டங்களில் பிறை விழுந்திருந்தது. ஒன்று தேயிலைச் செடியின் மேல், ஒன்று லயத்துக் கூரையின் மேல், ஒன்று என் தாயாரின் சேலைத் தலைப்பில். முகங்கள் தப்பின. அது என் சாமர்த்தியத்தால் அன்று, தற்செயலால்.

அந்தப் பிறையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, 1983-ஆம் ஆண்டு நெகடிவை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே வளைவு. அதே அளவு. நகத்தால் அழுத்தியது போன்ற அதே தோற்றம். எங்கள் இரண்டு பேரில் ஒருவரும் நகத்தால் தொடவில்லை.

திரைக்குப் பின்னால் நடந்தது என்ன என்பது அப்போதுதான் என் கண்முன் வந்தது. வாசலில் கப்பல் தேதியோடு நிற்கும் ஜனங்கள். ஒன்றன்பின் ஒன்றாய் வந்து குவியும் சுருள்கள். உலர நேரமில்லாத ரீல். "சீக்கிரம், சீக்கிரம்" என்று வெளியிலிருந்து ஒரு குரல். காலையிலிருந்து இருட்டில் நின்று, வெடித்த விரல்களால் தடவித் தடவிச் சுற்றும் பையன். வர்ண டெவலப்பர் தோலில் பட்டால் அரிப்பும் புண்ணும் உண்டாக்கக்கூடியது. அதற்காகவே நான் இப்போது கையுறை அணிகிறேன். அவனுக்கு யார் கையுறை கொடுத்தார்கள்? கேமரன் அம்மையாரின் கைகள் வெள்ளி உப்பால் கறுத்திருந்ததைக் கலை ஈடுபாட்டின் அடையாளமாய்ச் சொல்வார்கள். அவன் நீட்டிய கைகளை நாங்கள் குற்றத்தின் அடையாளமாகப் பார்த்தோம்.

இந்த நியாயத்தை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். ஒவ்வொரு நாளும் எங்கள் வாசலில் நடக்கும் நியாயம்தான். குறித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர் போடுவார்கள். அந்தக் கிலோவைப் பிடிக்க ஓடி ஓடிப் பறித்தால், முற்றல் இலை கலந்துவிட்டது என்று தராசடியில் ஏசுவார்கள். வேகத்தைக் கேட்பதும் அவர்களே. வேகத்தால் வரும் பிழைக்குத் தண்டிப்பதும் அவர்களே. என் தந்தை தம் வாழ்நாள் முழுவதும் அந்தத் தராசடியில் நின்றவர். நிறுத்துப் போடப்படுகிறவனின் வலி அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் காசு கொடுத்து வாங்கும் பக்கத்தில் அரை நாழிகை நின்றதும், அவரும் நானும் கணக்கப்பிள்ளையின் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டோம். உழைப்பவனை உழைப்பவனே நிறுத்துப் பார்க்கும்படி செய்வதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய வெற்றி.

விடியற்காலையில், நெகடிவ்களை உறையிலிட்டு அவளிடம் கொடுக்கும்போது ஸ்டூடியோவில் நடந்ததைச் சொன்னேன். அதுவரை அவளுக்கு அது தெரியாது. பிறை விழுந்த சுருளையும் மறைக்காமல் காட்டினேன். அவள் கோபிக்கவில்லை.

"அந்தப் பையன் பேர் என்ன அத்தான்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை. அவனும் அடுத்த கோச்சியில் ஏறித் தலைமன்னாருக்குப் போயிருக்கலாம். ஏதேனும் ஒரு தோட்டத்தில் பேரப் பிள்ளைகளோடு இருக்கலாம். எங்கள் குழந்தையின் முகத்தை இழந்ததைப் பற்றி நாற்பது ஆண்டுகள் பேசினோம். அவனுடைய பெயரை ஒரு நாளும் தேடவில்லை.

2003-ல் வந்த சட்டம் நாடற்றவராய் எஞ்சியிருந்த எங்கள் மக்களுக்குக் குடியுரிமை வழங்கிற்று. சில கறைகள் மறுபடி கழுவினால் போகும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? அது அவ்வகை. அழுகைக் கோச்சியில் பிரிந்துபோன குடும்பங்களோ மடிந்துபோன பிலிமைப் போன்றவை; அந்தக் கோடு நிமிராது. அந்த ஸ்டூடியோப் பையனுக்கு நாங்கள் செய்ததும் அவ்வாறே.

இப்போது என் பள்ளிக்கூடத்தில் ஐந்தாறு மாணவர்கள் சனிக்கிழமைகளில் படம் கழுவப் பழகுகின்றனர். வீணான பிலிம் ஒன்றை முதலில் வெளிச்சத்திலும், பிறகு கண்ணை மூடிக்கொண்டும், பிறகு இருட்டிலும் சுற்றிப் பார்க்கச் சொல்கிறேன். சிக்கினால் தள்ளாதே, நிறுத்து என்பது முதற் பாடம். தீர்ந்த கரைசலை ஓடையில் கொட்டாதே என்பது இரண்டாவது. அதில் வெள்ளியும் பிற இரசாயனங்களும் இருக்கின்றன, கீழ் லயத்துப் பீலிக்கு வருவதும் அந்த ஓடைதான். கழிவையெல்லாம் கேன்களில் அடைத்து வைத்திருக்கிறோம். கையுறையில்லாமல் ஒருவரும் தொடக் கூடாது என்பது மூன்றாவது.

அத்தை மகள் சென்ற மறு மாதமே மருமகனிடம் சொல்லி இரண்டாவது ரீல் ஒன்று வாங்கினேன். ஒன்று ஈரமாய் இருக்கையில் மற்றொன்று சுவரில் உலர்ந்துகொண்டிருக்கும். சாதாரண வெள்ளைப் பிளாஸ்டிக். விலையும் ஒரு பிலிம் சுருளின் விலையை ஒட்டியதுதான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்த இருட்டறைச் சுவரில் இதுபோல் இன்னொன்று தொங்கியிருந்தால் ஒரு குழந்தையின் முகம் அதன் தாய்க்குக் கிடைத்திருக்கும். ஒரு பையனின் சம்பளமும் அவனுக்குக் கிடைத்திருக்கும். அதை வாங்கித் தர வேண்டியவர் மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருந்தார். நாங்கள் அவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.